இட்லித் தட்டில் கார்புரேட்டர்

ஏஞ்சலுடைய வண்டியை விற்றுவிடுவதென்று வீட்டில் முடிவாகிவிட்டது. முடிவெடுத்தவர்கள் அவள் புருஷன் ஜெபகுமாரும் அவனுடைய அண்ணன் பென்னியும். வண்டிக்குச் சொந்தக்காரியான ஏஞ்சலுக்கு, ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து மீன்குழம்பு பரிமாறிக்கொண்டிருக்கும்போதுதான் விஷயம் சொல்லப்பட்டது. அதுவும், குழம்பில் உப்பு ஒரு கல் தூக்கல் என்று சொல்கிற குரலில்.

"சாயங்காலம் தாம்பரத்துலேர்ந்து ஒரு ஆள் வர்றாரு. சுகுமார்னு. பழைய வண்டி வாங்கி விக்கிறவரு. அண்ணன் பேசி வெச்சிகீது."

"எதுக்கு வர்றாரு?"

"வண்டி பாக்க."

"யாரு வண்டிய?"

ஜெபகுமாருக்கு அப்போதுபார்த்து மீனில் ஏகப்பட்ட முள் அகப்பட்டது. குனிந்த தலை நிமிராமல் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தான். கீழ்க்கட்டளையில் அவர்கள் குடியிருந்த அந்தச் சின்ன வீட்டில் இருந்தது ஒரே ஒரு வண்டிதான். அதை ஏஞ்சல் தன் சம்பளத்தில் வாங்கியிருந்தாள். கியர் வைத்த நூறு சிசி பைக். பழசுதான், ஆனால் அவளுடையது.

ஏஞ்சல் மேடவாக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தாள். விடிந்ததும் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவது அவள் வேலை. அத்தனையும் வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டிய ரத்தம். அவள் போய்ச் சேர்கிறவரைக்கும் அந்த வீடுகளில் ஒருத்தரும் காபி குடிக்க முடியாது. காபி குடிக்காத பெரிய மனிதர்களைக் காலையில் சந்தித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அவள் அவசரம் புரியும். சொந்த வண்டி இருந்தால்தான் இந்த வேலை என்பது லேபின் சட்டம். வண்டி இல்லையென்றால் உள்ளே கவுண்டரில் உட்கார்ந்து பில் போட வேண்டியதுதான். அந்தக் கவுண்டரை நினைத்தாலே ஏஞ்சலுக்கு மூச்சு முட்டும்.

மூன்று மாதமாக வண்டி மக்கர் செய்தது. வேகமாகப் போனால் ஒழுங்காகப் போகும். சிக்னலில் வேகம் குறைத்தாலோ பொசுக்கென்று அணைந்துவிடும். மேடவாக்கம் கூட்டுரோட்டில், பின்னால் தண்ணீர் லாரி ஹாரன் அடிக்க, பக்கத்து ஆட்டோக்காரன் இலவச ஆலோசனை சொல்ல, அவள் உதைத்து உதைத்துக் கால் வீங்கிப்போனது. போன வாரம் ஷ்யாம்சுந்தர் சார் என்கிற சர்க்கரை வியாதிக்காரர், அவள் வர நேரமானதில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டு, லேபுக்கு போன் போட்டுக் கத்திவிட்டார். "திங்கக்கிழமையும் லேட்டுன்னா ரூட்ட வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்" என்றார் மேனேஜர்.

வண்டி ஏன் நிற்கிறது என்பதற்கு ஊரெல்லாம் ஒரே பதில்தான் வைத்திருந்தது. அவள் ஓட்டுகிறாள், அதனால் நிற்கிறது. தெருமுனை மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றி, ஒரு கம்பியை விட்டு நோண்டிவிட்டு, "லேடீஸ் கை, இன்னா பண்றது. சோக்க இழுத்துவுட்டு மறந்துடுவீங்கோ" என்றார். பென்னி, "கியர் வண்டியெல்லாம் நம்ம வூட்டுப் பொம்பளைங்களுக்கு ஒத்து வராது" என்றார். ஜெபகுமார் ஒன்றும் சொல்லமாட்டான். அண்ணன் சொன்னதற்குத் தலையை ஆட்டுவான். வெட்கக்கேடு என்னவென்றால், நாளாக ஆக ஏஞ்சலுக்கே சந்தேகம் வந்துவிட்டது. நம்ம கைதான் சரியில்லையோ என்று சிக்னல் வருமுன்பே கை நடுங்க ஆரம்பித்தது. நரம்பே தெரியாத கையில்கூட ஒரே குத்தில் ரத்தம் எடுக்கிற கை அது.

"விக்க மாட்டேன்" என்றாள்.

"நின்னு நின்னு போற வண்டிய வெச்சிகினு இன்னா பண்ணுவ? பேஜாரு. அண்ணன் நல்லதுக்குத்தான் சொல்லுது."

"உங்க அண்ணன் நல்லது பண்ணது போதும்."

ஜெபகுமார் கை கழுவிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பு அவனை நியாய அநியாயம் எதுவும் யோசிக்க விடாது.

ஏஞ்சல் பாத்திரத்தைத் துலக்கவில்லை. அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு வந்து வண்டியைப் பார்த்தாள். பளபளவென்று நின்றது. காலையில்தான் ஜெபகுமார் கழுவியிருந்தான். வாராவாரம் சர்ச்சுக்குப் போகுமுன் போர் மோட்டாரைப் போட்டு, ஓஸ் பைப்பைப் பிடித்து, ஷாம்பு நுரையில் வண்டியை முக்கி எடுப்பான். அன்றைக்கு மட்டும் அவன் முன்னால் உட்கார்ந்து ஓட்ட, அவள் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து போவாள். மற்ற நாட்களில் அவனுக்கு நாவலூர் ஐடி கம்பெனிக்குப் போக ஆபீஸ் வேன் வரும். அங்கே அவன் செக்யூரிட்டி சூப்பர்வைசர்.

வண்டி முழுசாக இருந்தால்தானே விற்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் சிரிப்பு வந்தது, அதற்கப்புறம் கோபம் வந்தது. கோபம்தான் வேலைக்கு உதவியது.

சமையலறைக்குப் போய், விளிம்பு நசுங்கிப்போன பழைய இட்லித் தட்டு ஒன்றை எடுத்தாள். லேபில் கொடுத்திருந்த தன் பையைத் திறந்து, தேதி முடிந்துபோனதால் தூக்கிப் போட வைத்திருந்த கண்ணாடிக் குழாய்கள் இரண்டையும் புது சிரிஞ்ச் ஒன்றையும் எடுத்தாள். போனில் ஒரு வீடியோவைப் போட்டுத் துளசிச் செடித் தொட்டியில் சாய்த்து வைத்தாள். தொட்டி பக்கத்து வீட்டுக்காரம்மாவுடையது. வண்டியின் சீட்டுக்கு அடியில் ஸ்பேனரும் ஸ்குரூ டிரைவரும் இருந்தன. அது என்ன, திறந்து பார்க்கக் கூடாத கர்ப்பக்கிரகமா? பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புகிற, ஒரு கைப்பிடி அளவுள்ள அலுமினியச் சாமான். அவ்வளவுதானே.

பெட்ரோல் குழாயை மூடினாள். ஒவ்வொன்றையும் கழற்றுமுன் போனில் படம் எடுத்துக்கொண்டாள். கழற்றியதைக் கழற்றிய வரிசையிலேயே இட்லித் தட்டின் குழிகளில் போட்டாள். ஒரு குழியில் நட்டு, ஒரு குழியில் ஸ்பிரிங், ஒரு குழியில் ஊசி. கார்புரேட்டர் கையோடு வந்தபோது பாதி வேலை முடிந்துவிட்டதாகத் தோன்றியது. இனிமேல் எவன் வந்து வண்டியை உதைத்தாலும் அது இருமக்கூடச் செய்யாது.

கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கி நிற்க ஒரு கிண்ணம் உண்டு. அதில் இருந்ததைக் கீழே கொட்டிவிடுங்கள் என்றார் வீடியோக்காரர். ஏஞ்சலுக்கு மனசு வரவில்லை. உடம்பிலிருந்து வெளியே வருகிற எதையும் பார்க்காமல் கொட்டுவது அவள் தொழிலில் பாவம். கண்ணாடிக் குழாயில் பிடித்து, மூடி போட்டு, சுவரோரம் நிறுத்தி வைத்தாள்.

கிண்ணத்தின் அடியைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளை வெளேரென்று உப்பு. அவள் வீட்டுக் குழாயின் மூக்கில், பக்கெட்டின் விளிம்பில், வெந்நீர் போடும் ஹீட்டரில் தினம் தினம் சுரண்டுகிற அதே போர்த்தண்ணி உப்பு. உள்ளே பித்தளையில் இரண்டு திருகாணிகள் இருந்தன. ஜெட் என்பார்கள். முடி நுழையும் துளை வழியாகப் பெட்ரோலை விடுவது அவற்றின் வேலை. பெரியதைக் கழற்றி வானத்துக்கு நேராகப் பிடித்தாள். புள்ளியாக வெளிச்சம் தெரிந்தது. சின்னதைப் பிடித்தாள். இருட்டு. வண்டி மெதுவாகப் போகும்போது பெட்ரோல் விடுகிற ஜெட் அதுதான்.

சிக்னல் சிக்னலாக அவள் மானத்தை வாங்கியது இந்த இருட்டுதான். ஏஞ்சலுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். அதில் ஒரு குறையும் இல்லை.

மெக்கானிக்கைப் போலக் கம்பி விட்டு நோண்ட அவள் தயாராக இல்லை. அடைத்த சிரிஞ்ச் ஊசியைக் கம்பியால் குத்தினால் துளைதான் கெடும் என்று அவளுக்குத் தெரியும். ஹீட்டரில் படிகிற உப்பை எதில் கரைப்பாளோ அதிலேயே கரைத்தாள். ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து ஜெட்டை அதில் போட்டாள். கொஞ்சம் பொறுத்து எடுத்து, பையில் இருந்த பாட்டிலிலிருந்து சிரிஞ்சில் சுத்தமான பெட்ரோலை இழுத்து, ஜெட்டின் வாயில் பொருத்தி அழுத்தினாள். வரவில்லை. மறுபடியும் ஊற வைத்தாள். மறுபடியும் அழுத்தினாள். கட்டைவிரல் வலிக்க ஆரம்பித்தபோது, நூலாக ஒரு பீய்ச்சல் அடித்துச் சுவரை நனைத்தது.

"ஐயோ, இன்னாம்மா இது!"

வாசலில் பென்னி நின்றார். பக்கத்தில் ஒல்லியாக ஒரு ஆள். அவர்தான் சுகுமார். பென்னி வாயில் சிகரெட் புகைந்தது.

"சிகரெட்ட மொதல்ல வெளிய போடுங்க மாமா. பெட்ரோல் கீது" என்றாள் ஏஞ்சல், எழுந்திருக்காமல்.

பென்னிக்கு யாரும் அப்படிச் சொல்லிப் பழக்கமில்லை. ஆனாலும் பெட்ரோல் பெட்ரோல்தான். தெருவுக்குப் போய்ப் போட்டு மிதித்துவிட்டு வந்தார். சத்தம் கேட்டு ஜெபகுமாரும் லுங்கியைக் கட்டிக்கொண்டு வந்தான். சுகுமார் வண்டியைச் சுற்றி ஒரு நடை வந்து, குனிந்து பார்த்து, நிமிர்ந்தார்.

"கார்பரேட்டர் எங்கக்கா?"

"இட்லித் தட்டுல கீது."

சுகுமார் தட்டைப் பார்த்தார், பென்னியைப் பார்த்தார். "வண்டி ரெடியா கீதுன்னு சொன்னீங்களேண்ணா."

"டேய் ஜெபா, இன்னாடா கூத்து இது? நான் ஒரு மனுசன இட்டுகினு வந்துகீறேன். உன் பொண்டாட்டி வண்டியப் பிரிச்சிப் போட்டுகினு குந்திகீது." பென்னிக்கு முகம் சிவந்தது. "ஓட்டத் தெரியாம ஓட்டி நாஸ்தி பண்ணிட்டு, இப்ப ரிப்பேர் வேறயா?"

ஏஞ்சல் எழுந்தாள். சுவரோரம் வைத்திருந்த கண்ணாடிக் குழாயை எடுத்து மூன்று பேருக்கும் தெரியும்படி பிடித்தாள். தெளியவைத்த ரத்தம்போல அது இரண்டாகப் பிரிந்து நின்றது. மேலே லேசான ஆரஞ்சு நிறம். கீழே கலங்கலாக வேறொன்று.

"மேல பெட்ரோலு. கீழ தண்ணி. கார்பரேட்டர்லேர்ந்து எடுத்தேன்."

"அதத்தான் சொல்றேன்" என்றார் பென்னி. "மழையில ஓட்டியிருப்ப. எடம் பொருள் பாக்காம தண்ணியில இறக்கியிருப்ப."

சுகுமாரும் ஆமாம் என்பதுபோல உதட்டைப் பிதுக்கினார். ஜெபகுமார் வழக்கப்படி தலையை ஆட்டப் போனான்.

ஏஞ்சல் சிரிஞ்சைக் குழாயின் அடிவரைக்கும் விட்டு, கீழே இருந்த தண்ணியை மட்டும் உறிஞ்சினாள். அதில் அவளுக்கு நிகரில்லை, ஒரு சொட்டுப் பெட்ரோல்கூடச் சேர்ந்து வரவில்லை. இன்னொரு குழாயில் அதை விட்டு, மூடியைப் போட்டு, அந்த மூன்று ஆண்பிள்ளைகளின் மூக்குக்கு நேராக வைத்து நன்றாகக் குலுக்கினாள்.

குழாயின் கழுத்துவரைக்கும் நுரை பொங்கி நின்றது.

"மழத் தண்ணி நுரைக்குமா மாமா?" என்றாள்.

ஏஞ்சல் பெட்ரோல் டேங்கின் மூடியைத் திறந்து, அதன் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். உள்ளே இருந்த ரப்பர் வளையம் வெடித்து, ஒரு பக்கம் காணாமலே போயிருந்தது. பூட்டியிருந்தாலும் ஒழுகும். ஓஸ் பைப்பைப் பிடித்து அதன்மேல் அடித்தால் கேட்கவே வேண்டாம்.

ஜெபகுமார் ரப்பரைப் பார்த்தான். குழாயில் இருந்த நுரையைப் பார்த்தான். பிறகு கொடியில் காய்ந்துகொண்டிருந்த, அவன் வண்டி துடைக்கிற துணியைப் பார்த்தான். இந்த முறை அவன் தலை ஆடவில்லை.

"நானா?" என்றான்.

"வாராவாரம்" என்றாள் ஏஞ்சல்.

அவனை அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. நிறையச் சொல்லலாம்தான். நாக்கு நுனிவரைக்கும் வந்து நின்றது. ஆனால் வெளிச்சம் இருக்கும்போதே வேலையை முடிக்க வேண்டும். உட்கார்ந்துகொண்டாள். கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கிற மிதவையைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தாள், உள்ளே எதுவும் களகளக்கவில்லை. மிதவை ஏறியதும் பெட்ரோலை அடைக்கிற ஊசியின் ரப்பர் முனையை விரலால் தடவிப் பார்த்தாள், தேயவில்லை. தண்ணி கலந்த பெட்ரோலை டேங்கின் வாய் வழியாக ஒரு ரப்பர் குழாய் விட்டுக் கேனில் இறக்கிவிட்டு, மேடவாக்கம் கூட்டுரோட்டில் நின்றுபோனால் உதவும் என்று பையில் வைத்திருந்த பாட்டில் பெட்ரோலை ஊற்றினாள். போன் படத்தைக் கடைசியிலிருந்து முதலுக்குத் தள்ளித் தள்ளி, குழி குழியாக எடுத்து மாட்டினாள். டேங்க் மூடிக்கு அப்போதைக்குச் சைக்கிள் டியூபில் வளையம் வெட்டிப் போட்டாள். மூன்று ஆண்பிள்ளைகளும் போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நின்றார்கள். சுகுமார் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

கடைசி ஸ்குரூவை முடுக்கிவிட்டு ஏஞ்சல் வண்டியை உதைத்தாள். ஒன்றுமில்லை. மறுபடி உதைத்தாள். ஒன்றுமில்லை. பென்னியின் மீசை ஓரம் லேசாக ஒரு சிரிப்பு ஓடியது. ஏஞ்சலுக்கு மேனேஜர், கவுண்டர், பில் மிஷின் எல்லாம் கண்முன் வந்து நின்றன. இன்னும் ஒருதரம் உதைத்தாள். வண்டி கல் மாதிரி நின்றது.

"நான் சொன்னேன்ல?" என்றார் பென்னி.

"பெட்ரோல் டேப்ப தொறக்கலக்கா" என்றார் சுகுமார் மெதுவாக.

ஏஞ்சல் குனிந்து பார்த்தாள். கழற்றும்போது மூடிய குழாய் மூடினபடியே இருந்தது. தலையில் அடித்துக்கொண்டு திறந்துவிட்டாள். கிண்ணம் நிறையட்டும் என்று கொஞ்சம் நின்றாள். அந்தக் கொஞ்ச நேரம் அவளுக்கு உபவாச ஜெபத்தைவிட நீளமாக இருந்தது. பிறகு உதைத்தாள்.

பிடித்துக்கொண்டது. ஏஞ்சல் கையை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்தாள். மேடவாக்கத்தில் எத்தனையோ முறை அவளைக் கைவிட்ட இடம் அது. வண்டி அணையவில்லை. டுக் டுக்கென்று ஒரே சீராக, தன்பாட்டுக்கு நின்று ஓடியது. ஏஞ்சல் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று ஜெபகுமாருக்கு அப்போதுதான் உறைத்தது.

பென்னி அத்தனை சுலபத்தில் விடுகிறவர் இல்லை. "அப்பாடா, ஓடுதுல்ல? நல்லதாப் போச்சு. சுகுமாரு, இப்ப ரேட்டு இன்னும் கொஞ்சம் ஏத்திப் போடலாம்ல?"

"ஓடலன்னுதான விக்கணும்னீங்க?" என்றாள் ஏஞ்சல். "இப்ப ஓடுது. இப்ப எதுக்கு விக்கணும்?"

பென்னி தம்பியைப் பார்த்தார். "நீயே சொல்லுடா."

ஜெபகுமார் லுங்கியை அவிழ்த்து மறுபடி கட்டினான். எஞ்சின் சத்தத்தில் அமுங்கிப் போகட்டும் என்று நினைத்தோ என்னவோ, மெதுவாகத்தான் சொன்னான். "சர்ச்சுல கேக்கறானுங்க. வண்டி உன்னுதா, உன் பொண்டாட்டியோடதான்னு. ஞாயித்துக்கெழம மட்டும்தான் உனக்கு லைசென்ஸான்னு சிரிக்கிறானுங்க. அண்ணங்கிட்ட சொன்னேன். அண்ணன்தான் வித்துடலாம்னுது."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

ஏஞ்சல் அவனையே பார்த்தாள். கோபம் வரும் என்றுதான் அவளும் எதிர்பார்த்தாள். அழுகை வந்தது. அதை அடக்கிக்கொள்ளவும் இல்லை.

"இத அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமே. மூணு மாசமா என் கைய நானே சந்தேகப்பட்டுகினு இருந்தேன். ஊசி குத்தும்போதுகூட நடுங்கிச்சு, தெரியுமா உங்களுக்கு? எவனோ சிரிச்சான்னு என்ன ஒண்ணுத்துக்கும் லாயக்கில்லாதவளா ஆக்கிட்டீங்களே. நாளைக்கி ரூட்டுக்கு நான்தான் போவேன். அடுத்த ஞாயித்துக்கெழம சர்ச்சுக்கும் நான்தான் ஓட்டுவேன். வர்றதுன்னா பின்னாடி குந்துங்க. வெக்கமா இருந்தா பஸ்ல வாங்க."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். சிக்னல் சிக்னலாக ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வருவதென்று முடிவு செய்திருந்தாள்.

பென்னி கேட்டுக்குக் குறுக்கே வந்து, இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். "எங்க கெளம்பிட்ட? பெரியவன் நான் இன்னும் பேசிகினு கீறேன். இத்தப் பேசி முடிக்காம யாரும் போவக் கூடாது."

ஏஞ்சல் கியரைப் போடவில்லை, இறங்கவும் இல்லை. முகத்துக்கு நேராக அவரைப் பார்த்தபடி, லேசாக ஒரு முறுக்கு முறுக்கினாள். பென்னி நகரவில்லை. சுகுமார் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜெபகுமார் கேட்டருகே நடந்து போனான். பிறந்ததிலிருந்து அண்ணனிடம் அவன் சொல்லாத ஒரு வார்த்தையைச் சொன்னான்.

"தள்ளுண்ணா."

பென்னிக்குக் காதில் விழவில்லையோ என்று நினைத்து, இன்னொருமுறையும் சொன்னான். சொல்லிவிட்டு, அவர் தோளைத் தொட்டு ஓரமாக நகர்த்தி, கேட்டை முழுசாகத் திறந்துவிட்டான்.

ஏஞ்சல் நன்றி சொல்லவில்லை. தன் வீட்டுக் கேட்டில் தன் வண்டியில் வெளியே போவதற்கு யாருக்கு நன்றி சொல்வது? முதல் கியரில் தெருவுக்கு இறங்கி, மேடவாக்கம் போகிற பக்கமாகத் திரும்பினாள்.